இங்கிலாந்துக் கிராமத் தேவாலயத்தைச் சுவர் சுவராகப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஒரு பழைய கிராமத் தேவாலயத்துக்கு முதன்முறை செல்பவர் எவரும் கேட்கும் கேள்வி, "இது எந்த ஆண்டில் கட்டப்பட்டது?" என்பது. வாசலருகே விற்பனைக்கு வைத்திருக்கும் சிறு கையேடும் "பன்னிரண்டாம் நூற்றாண்டு" என்று ஒரு விடையைச் சொல்லிவிடும். பெரும்பாலும் அந்த விடை ஒரு வாசலுக்கோ ஒரு சுவருக்கோ மட்டுமே பொருந்தும். இடைக்கால ஆங்கிலேயக் கிராமத்தார் தம் தேவாலயத்தை ஒரே மூச்சில் கட்டி முடித்தவர்கள் அல்லர். கையில் பணம் சேர்ந்தபோது ஒரு பக்கத்தை இடித்து அகலப்படுத்தினார்கள். பணம் தீர்ந்தபோது விட்ட இடத்தில் நிறுத்தினார்கள். பேரனின் காலத்தில் வேறொரு கொத்தனார் வேறொரு பாணியில் அதைத் தொடர்ந்தார். ஆகவே நாம் கேட்க வேண்டியது, இந்தச் சுவர் எப்போது எழுந்தது, அதை ஒட்டி நிற்கும் சுவர் எப்போது எழுந்தது, இரண்டில் எது முந்தியது என்பதுதான். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கிராமத் தேவாலயத்தையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அதற்கான வழியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

புறப்படும் முன்

எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று: ஒரு கைவிளக்கு, ஒரு சிறிய தொலைநோக்கி, திசைகாட்டி உள்ள கைபேசி. கூரை மரங்களில் உள்ள செதுக்கல்களை வெறுங்கண்ணால் காண முடியாது என்பதால் தொலைநோக்கி வேண்டும். கைவிளக்கின் பயன் கடைசிப் படியில் விளங்கும். 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' என்ற அரசு சார்ந்த அமைப்பு, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நீங்கள் செல்லும் தேவாலயத்தின் பதிவை அதில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை முன்கூட்டியே படித்துவிடாமல், உங்கள் முடிவுகளைச் சரிபார்க்க மட்டும் கடைசியில் திறந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வழிபாடு நடக்கும் என்பதால் வார நாளில் செல்வது நல்லது. கதவு பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் இருக்கிறது என்ற அறிவிப்பு முகப்பு மண்டபத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பறவை உள்ளே புகுந்துவிடும், கதவைச் சாத்திவிட்டுச் செல்லுங்கள் என்று எழுதியிருந்தால் அதை மறக்காமல் செய்யுங்கள். உள்ளே சிக்கிக்கொள்ளும் பறவை பட்டினியால் செத்துப்போகும்.

முதல் படி: உள்ளே போகாதீர்கள்

கட்டடத்தை வெளியே ஒருமுறை முழுமையாகச் சுற்றி வாருங்கள். பூசை நடக்கும் பீடம் கிழக்குக் கோடியில் இருக்கும். கோபுரம் இருந்தால் பெரும்பாலும் மேற்குக் கோடியில் இருக்கும். மக்கள் நுழையும் வாசல் பெரும்பாலும் தெற்கில் இருக்கும். கல்லறைத் தோட்டத்தின் தரை சுவரடியை விட உயர்ந்திருப்பதையும், சில இடங்களில் சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். பல நூற்றாண்டுகளாக ஒரே நிலத்தில் மேலும் மேலும் புதைத்து வந்ததால் தரை உயர்ந்துவிட்டது.

அடுத்து, கல்லைப் பாருங்கள். வண்டிப்பாதையில் கல்லை இழுத்து வருவது, கல்லை வெட்டியெடுப்பதை விடச் செலவு பிடித்த வேலையாக இருந்ததால், கிராமத்தார் தம் காலடியில் கிடைத்ததைக் கொண்டே கட்டினார்கள். காட்ஸ்வோல்ட் பகுதியில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல், ஹெரிஃபோர்ட்ஷயரில் செம்மணற்கல், நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் வயலில் பொறுக்கிய சிக்கிமுக்கிக்கல். சிக்கிமுக்கிக்கல்லைச் சதுரமாகச் செதுக்கி மூலைக்கல் ஆக்குவது கடினம். நார்ஃபோக்கில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தேவாலயங்களின் கோபுரங்கள் மூலையே இல்லாமல் வட்டமாக நிற்பதற்கு அது ஒரு காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. டர்ஹம் பகுதியில் எஸ்கோம்ப் என்ற ஊரில் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் கல் வெட்டவே இல்லை. கைவிடப்பட்ட ரோமானியக் கோட்டையிலிருந்து எடுத்து வந்தார்கள். அதன் வடக்குச் சுவரில் ஒரு கல்லில் ரோமானிய ஆறாம் படையணியின் பெயர் தலைகீழாக இருக்கிறது. அந்தக் கல்லை வைத்தவருக்கு எழுத்து தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை.

இப்போது சுவர்களின் தழும்புகளுக்கு வருவோம். தொடக்கநிலையில் இருப்பவர் மூன்றை மட்டும் தேடினால் போதும். முதலாவது, நேர்க்கோட்டு இணைப்பு. ஒழுங்காகக் கட்டிய சுவரில் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று விலகிப் பின்னிக்கொண்டு செல்லும்; ஓரிடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே செங்குத்துக் கோடு ஓடினால், அங்கே ஒரு சுவர் முடிந்து, பிற்காலத்தில் இன்னொரு சுவர் வந்து ஒட்டியிருக்கிறது என்று பொருள். இரண்டாவது, அடைக்கப்பட்ட வாசலும் சன்னலும். வளைவின் வெளிக்கோடு அப்படியே இருக்க, உள்ளே வேறு கல் நிரப்பியிருப்பார்கள். மூன்றாவதே எனக்கு மிகவும் பிடித்தது. கோபுரத்தின் கிழக்கு முகத்தை, அதாவது கூரை வந்து முட்டும் பக்கத்தை, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இப்போதைய கூரைக்கு மேலே, கவிழ்த்த 'வி' போன்ற ஒரு கல்வரி தெரிந்தால், அது பழைய கூரை முட்டிய இடம். செங்குத்தான ஓலைக் கூரையோ ஓட்டுக் கூரையோ இருந்த காலத்தின் தழும்பு அது. பின்னர் ஈயத் தகடு வேய்ந்து சரிவைக் குறைத்தார்கள். ஈயத் தகட்டைச் செங்குத்தான சரிவில் வேய்ந்தால் தன் எடையாலேயே ஊர்ந்து இறங்கும்; ஆகவே ஈயம் வந்த இடத்தில் கூரை தட்டையாவது இயல்பு.

தெற்கு வாசலருகே, கண் உயரத்தில், நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் கீறல்களும் உள்ள கல் ஒன்று தென்படலாம். அது பூசை நேரத்தை அறியப் பயன்பட்ட சூரியக் கடிகாரம். துளையில் செருகியிருந்த குச்சி எப்போதோ போய்விட்டது. வடக்குச் சுவரில் அப்படி ஒன்று இருந்தால், வெயிலே படாத இடத்தில் கடிகாரம் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், அந்தக் கல் வேறிடத்திலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டது என்று துணிந்து முடிவு செய்யலாம்.

இரண்டாம் படி: வளைவையும் சன்னலையும் கொண்டு காலம் கணிப்பது

இதைத்தான் எல்லா நூல்களும் முதலில் கற்பிக்கின்றன. நான் இரண்டாவதாக வைக்கிறேன். ஏனெனில் சன்னலை மட்டும் மாற்றுவது எளிது, பழைய சுவரில் புதிய சன்னலைப் பொருத்தும் வழக்கம் எல்லாக் காலத்திலும் இருந்தது. சன்னலின் காலம் சுவரின் காலம் ஆகாது. சுவர் அந்தச் சன்னலை விடப் பழையதாக இருக்கலாம் என்ற ஐயத்தை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

1066இல் நார்மானியர் வருவதற்கு முன் ஆங்கிலோ சாக்சன் மக்கள் கட்டியவை உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், சன்னல்கள் சிறியவை, சில முக்கோணத் தலை கொண்டவை, மூலைகளில் ஒரு நெட்டைக்கல், ஒரு கிடைக்கல் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். நார்தாம்ப்டன்ஷயரின் ஏர்ல்ஸ் பார்டன் கோபுரத்தில் இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காணலாம். நார்மானியர் காலத்தில், அதாவது சுமார் 1190 வரை, வளைவு அரைவட்டமாக இருக்கும்; சுவர் தடிமனாக இருக்கும்; வளைவைச் சுற்றி ஏறி இறங்கும் பற்கோலம் ஓடும். அடுத்து வரும் கூர்வளைவுக் காலத்தை மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டவர் கட்டடக்கலைஞர் தாமஸ் ரிக்மன். 1817இல் அவர் வகுத்த அந்தப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. முதற்கட்டத்தில் சன்னல் ஈட்டி முனைபோல் ஒடுங்கி, தனித்தோ மும்மூன்றாகவோ நிற்கும். சுமார் 1250க்குப் பின் சன்னலின் மேற்பகுதியில் கல்லாலான பின்னல் வேலை தோன்றி, முதலில் வட்டங்களாகவும், பிறகு தீச்சுடர்போல் நெளியும் கோடுகளாகவும் வளர்கிறது. சுமார் 1350க்குப் பின் அந்த நெளிவு அடங்கி, நேரான கல் கம்பிகள் சன்னலின் உச்சி வரை செங்குத்தாக ஓடத் தொடங்குகின்றன. சுவரே சன்னலாகிவிட்டது என்று தோன்றும் அளவுக்குக் கண்ணாடி பெருகுகிறது. இந்தக் கடைசிப் பாணி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். அரைவட்டம், ஈட்டி, நெளிவு, நேர்க்கம்பி என்ற வரிசை நினைவில் இருந்தால் போதும்.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்த பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாணி தானாகவே விளங்கும். சஃபோக்கின் லாங் மெல்ஃபோர்டில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய தேவாலயம், கண்ணாடியும் சிக்கிமுக்கிக்கல் வேலைப்பாடும் நிறைந்து, கிராமத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பேருருவில் நிற்கிறது. கம்பளித் துணி வணிகத்தில் செழித்த ஊர் அது. பணம் கொடுத்த ஜான் கிளாப்டன் முதலியோரின் பெயர்களை வெளிச்சுவரிலேயே பொறித்து, தங்கள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறார்கள். இறந்தபின் ஆன்மா பாவக்கறை நீங்கும்வரை தங்கும் இடமான உத்தரிக்கும் ஸ்தலத்தில் கழிக்க வேண்டிய காலம் பிறர் செபத்தால் குறையும் என்ற நம்பிக்கைதான் அந்தச் சன்னல்களின் செலவை ஏற்றது.

மூன்றாம் படி: வாசலில் நின்று நிதானியுங்கள்

முகப்பு மண்டபத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். திருமணத்தின் முதற்பகுதி இடைக்காலத்தில் தேவாலய வாசலில்தான் நடந்தது. கட்டடத்தை எத்தனை முறை அகலப்படுத்தினாலும், நல்ல வேலைப்பாடுள்ள பழைய வாசலைப் பெயர்த்துப் புதிய சுவரில் மீண்டும் வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அதனால் முழுத் தேவாலயத்திலும் மிகப் பழைய பொருள் வாசலாகவே இருக்கக்கூடும்.

வாசல் எவ்வளவு பேசும் என்பதற்கு ஹெரிஃபோர்ட்ஷயரின் கில்பெக் தேவாலயம் தக்க சான்று. சுமார் 1140இல் எழுந்த அந்தச் சிறு கட்டடம், மக்கள் கூடம், பீடப்பகுதி, அரைவட்டக் கோடி என்ற மூன்றே அறைகளுடன், பின்னர் பெரிதாக விரிவுபடுத்தப்படாமல் தப்பியது. தெற்கு வாசலின் மேல் ஒரு மரம் கொடிபோல் விரிகிறது. வளைவில் பறவையும் மீனும் அரக்க முகங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. பக்கத் தூண்களில் பாம்புகள் நெளிகின்றன. கூரையடியைச் சுற்றி எண்பதுக்கும் மேற்பட்ட சிறு சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் வேட்டை நாயும் முயலும் அருகருகே நட்பாக நிற்கும் சிற்பத்தை நாற்பது வினாடிகளாவது நின்று பாருங்கள். செம்மணற்கல் எளிதில் தேயக்கூடியது. இருந்தும் அந்த நாயின் காதுமடிப்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

நான்காம் படி: ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உடைமைகள்

உள்ளே நுழைந்து கிழக்கு நோக்கி நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு தெரியும். அதற்கு இப்பால் இருப்பது மக்கள் கூடம். அப்பால் இருப்பது குருவின் பீடப்பகுதி. இரண்டின் கூரை உயரமும், கல்லின் தரமும், சன்னலின் பாணியும் பல தேவாலயங்களில் ஒத்திருக்காது. புதியவர்களைக் குழப்பும் இந்த வேறுபாட்டுக்கு அழகுணர்ச்சி காரணமன்று, கணக்கு வழக்குதான் காரணம். இங்கிலாந்தின் வழக்கப்படி மக்கள் கூடத்தைப் பழுதுபார்ப்பது பங்கு மக்களின், அதாவது அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த ஊராரின், பொறுப்பு. பீடப்பகுதியைப் பழுதுபார்ப்பது, ஊராரின் விளைச்சலில் பத்திலொன்றான தசமபாகத்தைப் பெற்ற ரெக்டரின் பொறுப்பு. பல ஊர்களில் அந்த ரெக்டர் நெடுந்தொலைவிலிருந்த ஒரு துறவு மடமாக இருந்தது. வருமானத்தை வாங்கிக்கொண்டு கூரைக்குச் செலவழிக்க மனமில்லாத மடங்களும் இருந்தன. ஊரார் கம்பளிப் பணத்தில் தங்கள் கூடத்தை உயர்த்திப் பெரிய சன்னல்கள் வைக்க, பீடப்பகுதி மட்டும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்ட காட்சியை அடிக்கடி காண்பீர்கள்.

இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டில் மடங்கள் ஒழிக்கப்பட்டபின் அவற்றின் நிலங்களோடு பழுதுபார்க்கும் கடமையும் கைமாறிக்கொண்டே வந்தது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் அப்படிப்பட்ட நிலத்தை வைத்திருந்த ஒரு தம்பதியர், பீடப்பகுதியின் பழுதுபார்ப்புச் செலவை ஏற்க வேண்டியவர்களே என்று 2003இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

பீடப்பகுதிக்குள் சென்றால் தெற்குச் சுவரில், இடுப்பு உயரத்தில், அடியில் துளையுள்ள ஒரு சிறு கிண்ண மாடத்தைத் தேடுங்கள். பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புனித நிலத்துக்குள்ளேயே வடியவிடுவதற்கானது அது. அதேபோன்ற கிண்ணம் பக்கக்கூடத்தின் கிழக்குக் கோடியிலும் இருந்தால், இப்போது பெஞ்சோ பூச்சாடியோ இருக்கும் அந்த இடத்தில் முன்பு ஒரு பீடம் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஐந்தாம் படி: இல்லாததைத் தேடுங்கள்

இன்று நாம் காணும் வெள்ளைச் சுவரும் வெறுங்கல்லும் இடைக்கால மனிதருக்கு அடையாளம் தெரியாதவை. அவர் கண்ட தேவாலயத்தில் சுவரெல்லாம் ஓவியம். பீடப்பகுதியின் நுழைவில் மரத்திரை. அதன்மேல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம், இருபுறமும் மாதாவும் சீடர் அருளப்பரும். அவற்றுக்கு மேலே கடைசித் தீர்ப்பு நாளின் ஓவியம். எட்டாம் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் புராட்டஸ்டண்ட் ஆட்சியில், 1547 தொடங்கிய சில ஆண்டுகளில், இவற்றை அகற்றவும் சுவரில் சுண்ணாம்படிக்கவும் ஆணைகள் வந்தன. அடுத்து வந்த கத்தோலிக்க மேரி அரசி சிலவற்றை மீட்டார். எலிசபெத் காலத்தில் சுரூபங்கள் மீண்டும் இறங்கின. எஞ்சியவற்றை 1640களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் தேடித் தேடி உடைத்தார்கள்.

ஆயினும் எடுத்த பொருளின் தடம் நின்றுவிடும். பெரிய வளைவின் பக்கச் சுவரில், ஆள் எட்டாத உயரத்தில், எங்கும் போகாத ஒரு குட்டிக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். திரையின்மேல் இருந்த மாடத்துக்கு ஏறிச்சென்ற படிக்கட்டின் வாய் அது. அடுத்து ஞானஸ்நானத் தொட்டிக்குச் சென்று அதன் விளிம்பைப் பாருங்கள். எதிரெதிரான இரண்டு இடங்களில் கல் பெயர்ந்து, வேறு நிறக் கல்லால் ஒட்டுப் போட்டிருக்கும். மந்திரித்த தண்ணீரைச் சூனியத்துக்குத் திருடிச் செல்லாதபடி தொட்டியை மூடிப் பூட்ட வேண்டும் என்று 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட் ஆணையிட்டார். பூட்டு மாட்டிய இரும்பு வளையங்களைப் பிற்காலத்தில் பிடுங்கியபோது கல்லும் சேர்ந்து பெயர்ந்தது.

சஃபோக்கின் வென்ஹஸ்டனில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பீடப்பகுதி வளைவை அடைத்திருந்த, சுண்ணாம்பு பூசிய பழம்பலகைகளை 1892இல் பழுதுபார்ப்பின்போது கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. காலையில் சுண்ணாம்பு கரைந்து, பலகைகளில் கடைசித் தீர்ப்பு நாள் ஓவியம் வெளிப்பட்டிருந்தது. அந்த ஓவியம் இப்போது தேவாலயத்துக்குள் இருக்கிறது. அதன் நடுவே வண்ணம் தீட்டப்படாத மூன்று வெற்றுருவங்கள் தெரிகின்றன. சிலுவையும் இரண்டு சுரூபங்களும் பலகையோடு ஒட்டி நின்றதால் ஓவியர் அவற்றைச் சுற்றியே தீட்டியிருக்கிறார். உடைத்து எறியப்பட்ட சுரூபங்களின் அளவை இன்றும் அந்த வெற்றிடத்திலிருந்து அளக்கலாம்.

உள்ளூர்க் கதைகளைக் கேளுங்கள்; நம்புவதற்கு முன் சோதியுங்கள். பிளைத்பர்க் தேவாலயத்தின் மரக்கூரையில் சிறகு விரித்த தேவதூதர்களின் உடலில் ஈயக் குண்டுகள் இருந்தன. 1644இல் சுரூபம் உடைக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டவை என்று நெடுங்காலம் நம்பினார்கள். டௌசிங் அங்கே வந்ததும், தேவதூதர்களை இறக்க உத்தரவிட்டதும் உண்மை. ஆனால் அந்தக் குண்டுகள் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கூரையில் கூடு கட்டிய காக்கையினப் பறவைகளைச் சுட்டபோது பாய்ந்தவை.

ஆறாம் படி: விக்டோரியா காலத்தவரிடம் ஏமாறாமல் இருப்பது

என் தவறையே சொல்கிறேன். ஒரு தேவாலயத்தில் ஈட்டிமுனைச் சன்னல்கள் மூன்றைக் கண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று குறிப்பேட்டில் எழுதி, அரைமணி நேரம் வியந்துவிட்டு, வெளியே வரும்போது அந்தக் கோடி முழுவதும் 1860களில் புதிதாகக் கட்டியது என்ற பித்தளைத் தகட்டைக் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் மிகப் பெரும்பாலானவை புதுப்பிக்கப்பட்டன. புதுப்பித்தவர்கள் இடைக்காலப் பாணியை நன்கு கற்றிருந்ததால் வடிவத்தை வைத்து அவர்களைப் பிடிக்க முடியாது. விளிம்பை வைத்துப் பிடிக்கலாம். கல்லின் ஓரங்கள் தேயாமல் சீராக இருந்தால், எல்லாக் கற்களும் ஒரே அளவில் இருந்தால், தரையில் பளபளக்கும் வண்ண ஓடுகள் பதித்திருந்தால், குறிப்பேட்டில் காலத்தை எழுதும் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். உட்சுவரின் சாந்தைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டியதும் பெரும்பாலும் அவர்கள் வேலைதான்; 'பழமையான தோற்றம்' என்று பலர் மயங்கும் அந்த வெறுங்கல் இடைக்காலத்தில் பூசி மூடப்பட்டிருந்தது. இந்தச் சுரண்டலை எதிர்த்தே கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸும் நண்பர்களும் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

சுவரில் பதித்த சலவைக்கல் நினைவுப் பலகைகளையும் ஒரு பார்வை பாருங்கள். அவை இடைக்காலத்துக்குப் பிந்தியவையே; ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலோ நிர்வாகத்திலோ இருந்து இறந்தவர்களின் பலகைகளில் 'மெட்ராஸ்' என்ற ஊர்ப்பெயர் தென்படுவதுண்டு, தமிழர் எவரும் அங்கே ஒரு நொடி நிற்காமல் போகமாட்டார்.

ஏழாம் படி: விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள்

கடைசியாக, தூண்களுக்கு வாருங்கள். கைவிளக்கை நேராக அடிக்காமல் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், பகல் வெளிச்சத்தில் தெரியாத கீறல்கள் நிழல் கட்டி எழும். கப்பல்கள், கைகளின் வெளிக்கோடு, கவராயத்தால் கீறிய ஆறிதழ்ப் பூக்கள், கொத்தனார் அடையாளங்கள். அவற்றின்மேல் தாள் வைத்துத் தேய்த்துப் படி எடுக்க வேண்டாம், புகைப்படம் போதும். சுவரோவியங்களையும் விரலால் தொடக் கூடாது.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல் தேவாலயம் இதற்காகவே செல்ல வேண்டிய இடம். உட்கட்டுமானம் நகத்தால் கீறினாலே பதியும் மென்மையான சுண்ணப்பாறையால் ஆனது. கோபுரத்தின் உட்சுவரில் லத்தீனில், 1350ஆம் ஆண்டைக் குறித்து, கொள்ளைநோய் கொண்டுபோனது போக மிஞ்சிய மக்கள் எவ்வளவு இழிந்த நிலையில் சாட்சியாக நிற்கிறார்கள் என்று யாரோ கீறியிருக்கிறார். அதன் கீழே 1361இல் புனித மவுருஸ் திருநாளில் வீசிய பெரும்புயலைப் பற்றிய வரி. கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்த தலைமுறையிலேயே கொள்ளைநோய் வந்தது. அதற்குப் பிறகும் வேலை தொடர்ந்தது. அதே தேவாலயத்தின் ஒரு தூணில் இன்னொரு கீறல் இருக்கிறது. முன்னால் வேலை செய்த கொத்தனாரைப் பின்னால் வந்த ஒருவர் ஏசியது போலிருக்கிறது அது: மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, துப்புகிறேன்.